நீலிக்கண்ணீர்: ஒரு சொல் வழங்கிய தீர்ப்பு

நீதிமன்றத்தில் நடுவர் வழங்கும் தீர்ப்பு ஏட்டிலே தங்கிவிடுவது. மக்களின் வாய்ச்சொல் வழங்கும் தீர்ப்போ தலைமுறை தலைமுறையாக நிறைவேற்றப்பட்டுக்கொண்டே வருவது. தமிழில் அத்தகைய தீர்ப்புச் சொற்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று 'நீலிக்கண்ணீர்' என்பது.

பொய்யாக அழும் அழுகை என்பதே இச்சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருள். 'முதலைக் கண்ணீர்' என்பதும் ஏறக்குறைய அதே பொருளுடையதுதான். ஆயினும் இரண்டும் வழங்கும் இடங்கள் வேறு. முதலைக் கண்ணீர் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. மேடைப் பேச்சாளருக்கும் உண்டு. நீலிக்கண்ணீரோ பெண்ணுக்கென்றே ஒதுக்கப்பட்ட சொல். கணவன்மீது குறை கூறி ஊரார்முன் வந்து நிற்கும் பெண்ணின்மேல் இது எளிதில் வந்து விழுகின்றது. அவள் சொன்னதை ஆராயுமுன்னரே அவள் அழுகைக்கு விலை குறித்துவிடும் சொல் இது.

அந்த நீலி யார்? அவள் ஏன் அழுதாள்? அவள் அழுகை முற்றும் பொய்தானா? இவ்வினாக்களை எழுப்பிக் கதையை மீண்டும் ஒருமுறை படிப்பது தமிழாசிரியர்களுக்கு இன்றியமையாதது.

பழையனூர்க் கதை

தொண்டை நாட்டில் திருவாலங்காட்டை அடுத்துள்ள ஊர் பழையனூர். நீலி கதைக்குக் களமானது அவ்வூரே. ஏட்டு வழக்கிலும் நாட்டு வழக்கிலும் பெயர்களும் நிகழ்ச்சிகளும் வேறுபட்டாலும் கதையின் கட்டுக்கோப்பு ஒன்றே.

ஆளரவமற்ற காட்டு வழியில் ஒருவன் தன்னை நம்பி வந்த மனைவியைக் கொன்றுவிடுகின்றான். இறக்கும் அவளுக்குச் சாட்சி சொல்ல மனிதர் எவரும் இல்லை. அருகில் நின்ற கள்ளிச் செடியே சாட்சி என்று கதை வழங்கும். மறுபிறப்பில் அவன் வணிகனாகின்றான். அவளோ பழி தீர்க்கும் பேயாகி, நீலி என்னும் பெயருடன் அவனைத் தொடர்கின்றாள். வணிகன் பழையனூரை அடைந்தபோது, அவன் மனைவிபோல உருக்கொண்டு, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊரவையின்முன் நின்று அழுகின்றாள். கணவன் தன்னைக் கைவிட்டான் என்பது அவள் முறையீடு. இவள் என் மனைவி அல்லள், என் உயிரைக் குடிக்க வந்த பேய் என்று வணிகன் நடுங்குகின்றான்.

அவையினர் குழந்தையைக் கீழே விடச் சொல்கின்றனர். அது வணிகனிடம் சென்று தந்தை என ஒட்டிக்கொள்கின்றது. அதனையே சான்றாகக் கொண்ட அவையினர், இருவரும் அன்றிரவு ஒரே வீட்டில் தங்குமாறு பணிக்கின்றனர். வணிகனுக்கு ஏதேனும் நேர்ந்தால் தங்கள் உயிரையே தருவதாகப் பிணையும் கூறுகின்றனர். வணிகன் தற்காப்புக்காக வைத்திருந்த வாளையும் வாங்கிக்கொண்டனர் என்று கதை கூறும். கதவு அடைக்கப்படுகின்றது. விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடக்கின்றான். சொன்ன சொல் தவறாத வேளாளர் 70 பேரும் தீப்பாய்ந்து உயிர் விடுகின்றனர்.

இக்கதை மிகப் பழமையானது. திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதனைக் குறிப்பிடுகின்றார். அங்கும் அவள் வஞ்சித்து உயிர் கொண்ட ஒருத்தியாகவே காட்டப்படுகின்றாள். பின் வந்தோர் வேளாளரின் வாய்மையைப் பெரிதும் போற்றினர். அப்போற்றுதல் தகும். சொல்லுக்காக உயிர் கொடுத்தவரைப் போற்றாத மொழி வாழும் மொழி ஆகாது.

ஆயினும், இக்கதையில் நிகழும் கொலைகள் இரண்டு. முதற்கொலை காட்டில் நிகழ்ந்தது. இரண்டாவது கொலை வீட்டில் நிகழ்ந்தது. இரண்டாவது கொலைக்கு ஊரே தீப்பாய்ந்தது. முதற்கொலைக்கு எவர் என்ன செய்தார்? ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. முதற்கொலையைச் செய்தவன் பெயர் பெரும்பாலோர்க்குத் தெரியாது. கொல்லப்பட்டவள் பெயரோ வசைச்சொல்லாயிற்று. மனைவியைக் கொன்றவன் பெயரால் ஒரு பழமொழியும் பிறக்கவில்லை. இதுவே இக்கதைக்குத் தமிழ்ச் சமுதாயம் வழங்கிய தீர்ப்பு.

அவை செய்த பிழை

'பெண்ணின் கண்ணீரை ஆராயாமல் நம்பியதால் அன்றோ அவையினர் அழிந்தனர்? ஆகவே கண்ணீரை நம்பாதே என்பதே கதை தரும் படிப்பினை' என்று சிலர் கூறக்கூடும். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது பொருத்தமாகவே தோன்றும். கதையின் நடுவே நின்று நோக்கினால் வேறொன்று புலப்படும்.

அவையினர் எழுப்பிய வினா ஒன்றே ஒன்று: இவர்கள் கணவன் மனைவியா, அல்லரா? அதற்கு விடை கிடைத்தவுடன் வழக்கு முடிந்ததாகக் கருதினர். கணவன் மனைவி என்றால் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டியவர்களே. அதற்குமேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். இருவருள் ஒருவன் தன் உயிருக்கு அஞ்சி நடுங்குகின்றான் என்பதை அவர்கள் கண்ணால் கண்டனர், காதால் கேட்டனர், கருத்திற் கொள்ளவில்லை. அஞ்சியவன் கையிலிருந்த காப்பையும் வாங்கிக்கொண்டு, அவன் எதற்கு அஞ்சினானோ அதனுடனேயே வைத்துக் கதவை அடைத்தனர்.

ஆகவே, அவர்கள் பிழை பெண்ணை நம்பியது அன்று, அஞ்சியவரை நம்பாததே. உறவை ஆராய்ந்தனர், ஆபத்தை ஆராயவில்லை.

இப்போது கதையில் ஆணும் பெண்ணும் இடம் மாறி நிற்பதாக எண்ணிப் பார்க்கலாம். அடிபட்ட பெண் ஒருத்தி தாய்வீட்டுக்கோ, கோயில் தலைவர் வீட்டுக்கோ, ஊர்ப் பெரியவரிடமோ ஓடி வருகின்றாள். பெரியவர்கள் கூடுகின்றனர். கணவனை அழைத்துக் கடிந்துகொள்கின்றனர். அவனும் தலைகுனிந்து நிற்கின்றான். 'இனி அடிக்கமாட்டான், நாங்கள் பொறுப்பு' என்று பிணை கூறி, அன்றிரவே அவளை அந்த வீட்டுக்கு அனுப்பிவைக்கின்றனர். கதவு அடைக்கப்படுகின்றது. பழையனூர் அவையின் பிழை இன்றும் இவ்வாறுதான் நாள்தோறும் நடைபெறுகின்றது. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. பழையனூரார் பிணை தவறியபோது தீயில் இறங்கினர். இன்று பிணை கூறுவோர் மறுநாள் தத்தம் வேலைக்குச் சென்றுவிடுகின்றனர்.

கணவனை விட்டு நீங்க முனையும் வேளையே பெண்ணுக்கு மிகுந்த இடர் விளையும் வேளை என்பது இத்துறையில் பணிபுரிவோர் கண்ட உண்மை. அவ்வேளையில் அவளை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதைச் சமாதானம் என்று கூறுதல் தகுமா?

இரு காப்பியப் பெண்கள்

நீலியின் கதையை வேறு வகையில் எடுத்தாண்ட நூலும் தமிழில் உண்டு. அது நீலகேசி என்னும் சமண நூல். அந்நூலில் பழையனூர் நீலி முனிவர் ஒருவரின் தவத்தைக் கலைக்க வருகின்றாள். அவரிடம் தோற்று, அறம் கேட்டு, அவர் மாணவியாகின்றாள். அதன்பின் நாடெங்கும் சென்று பிற சமயத்தாரோடு வாதம் புரிகின்றாள். சமய வாதத்தின் வெற்றி தோல்வி ஒருபுறம் இருக்கட்டும். ஊரார் பேய் என்று ஒதுக்கிய பெண்ணுக்கு இந்நூலாசிரியர் வாய் கொடுத்தார். அவள் பேச்சைக் கற்றோர் அவையிலே கேட்கச் செய்தார். அழுகைக்குப் பதிலாக வாதம் தந்தார். இந்நூலை அ. சக்கரவர்த்தி நயினார் 1936-ஆம் ஆண்டில் சமயதிவாகர உரையுடன் பதிப்பித்தார்.

நீலகேசி எதிர்த்து வாதிடும் நூல் குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய அது இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சியுள்ளன. எனினும் அதன் கதை பிற நூல்களாலும் உரைகளாலும் தெரிய வருகின்றது. கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட கள்வன் ஒருவனை ஒருத்தி காதலித்து மீட்டு மணக்கின்றாள். பின்னர் அவனே அவளைக் கொல்லக் கருதி மலையுச்சிக்கு அழைத்துச் செல்கின்றான். அவன் கருத்தை அறிந்த அவள், இறுதியாக ஒருமுறை வலம்வந்து வணங்குவதாகக் கூறிப் பின்னே சென்று அவனை மலையிலிருந்து தள்ளிவிடுகின்றாள். பின்பு துறவு பூணுகின்றாள்.

காட்டு வழியில் இறந்தவள் நீலி; மலையுச்சியில் தப்பியவள் குண்டலகேசி. ஒருத்தி கொல்லப்பட்டாள், மற்றொருத்தி உயிர் காத்துக்கொள்வதற்காகக் கொன்றாள். இருவர்க்கும் பொதுவாக அமைந்தது ஒன்று. இருவர் அருகிலும் மூன்றாமவர் ஒருவரும் இல்லை. காட்டிலும் மலையிலும் மனிதர் இல்லாதது இயல்பு. வீடுகள் நெருங்கிய இடத்தில் மூன்றாமவர் இல்லாமற் போவது இயல்பாகுமா?

நம்பப்பட்ட கண்ணீர்

மூன்றாமவரின் கடமை என்ன என்பதற்குச் சங்க இலக்கியத்தில் நல்ல சான்று இருக்கின்றது. மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளல் பேகனை அறியாத மாணவர் இல்லை. அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தான் என்பதையும், அதற்காகப் புலவர்கள் அவனிடம் முறையிட்டனர் என்பதையும் வகுப்பறையில் அவ்வளவாக எவரும் சொல்வதில்லை. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவள் பொருட்டுப் பேகனைப் பாடியவை புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள்.

அப்புலவர்கள் செய்தவற்றை முறையாக நோக்க வேண்டும். அவள் அழுவதைக் கண்டனர். கண்டும் காணாதவர்போல் செல்லவில்லை. யார் நீ, உனக்கும் அவனுக்கும் என்ன உறவு என்று அவளிடமே கேட்டனர். அவள் துயரை நம்பினர். நம்பியதோடு நில்லாமல் நேரே அரசன்முன் சென்று, அவன் செய்தது அருளில்லாச் செயல் என்று முகத்துக்கு நேரே கூறினர். பரிசில் பெற்று வாழ வேண்டிய புலவர்கள், பொன்னும் பொருளும் வேண்டா, அவள் துயரைத் தீர்ப்பதே எமக்குப் பரிசில் என்றனர். தம் வயிற்றுப்பிழைப்பைவிட ஒரு பெண்ணின் கண்ணீரைப் பெரிதாகக் கருதியவர்கள் அவர்கள்.

பேகன் மனைவியை அடித்தான் என்று எங்கும் இல்லை. அவன் செய்தது பிரிவு. ஆகையால் அவனை மீண்டும் அவளிடம் செல்லுமாறு வேண்டியது அங்கே பொருந்தும். அடிக்கும் கணவனிடம் மீண்டும் சேர்த்துவைப்பதற்கு இப்பாடல்களைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. புலவர்களிடம் கற்க வேண்டியது அவர்கள் கூறிய முடிவை அன்று. அவர்கள் நின்ற நிலையை. கேட்டல், நம்புதல், குற்றம் புரிந்தவனை நோக்கிப் பேசுதல் என்னும் மூன்றே அந்நிலை.

பழியைச் சுமந்தவன்

பேகன் செய்தது பிரிவு. நன்னன் செய்தது கொலை. ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்ற குற்றத்துக்காக ஓர் இளம்பெண்ணுக்கு அவன் கொலைத்தண்டனை விதித்தான். 81 யானைகளும் அவள் எடைக்கு எடை பொன்னாற் செய்த பாவையும் தருவதாகக் கூறியும் அவன் மனம் இரங்கவில்லை. இச்செய்தியைக் குறுந்தொகை 292-ஆம் பாடலில் பரணர் பதிந்து வைத்தார். பெண்ணைக் கொன்றவன் என்னும் அடைமொழியையே அவனுக்குப் பட்டமாகச் சூட்டினார். மீளாத நரகத்துக்கு அவனை எடுத்துக்காட்டாக்கினார்.

அத்துடன் நின்றதா? இல்லை. நன்னன் வழிவந்த இளவிச்சிக்கோவைப் பிற்காலத்தே கண்ட பெருந்தலைச்சாத்தனார், அவனுடன் இருந்த இளங்கண்டீரக்கோவைத் தழுவிக்கொண்டார், இளவிச்சிக்கோவைத் தழுவவில்லை. காரணம் கேட்டபோது, அவன் நன்னன் மரபினன் என்பதையும், அம்மரபினர் பாடுவோர்க்குக் கதவடைத்ததையும் எடுத்துச் சொன்னார். இது புறநானூறு 151-ஆம் பாடலிற் காணப்படுவது.

முன்னோன் செய்த குற்றத்துக்குப் பின்னோனைப் பழிப்பது இன்றைய அறத்துக்கு ஏற்றதன்று. எனினும் நீலி கதையையும் நன்னன் செய்தியையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் உண்மை ஒன்று பளிச்சிடுகின்றது. நன்னன் செய்தியில் கொல்லப்பட்டவள் பெயர் தெரியாது. கொன்றவன் பெயர் பழியாக நின்றது. நீலி கதையில் கொன்றவன் பெயர் தெரியாது. கொல்லப்பட்டவள் பெயர் பழியாக நின்றது. பழியை யார்மேல் ஏற்றுவது என்பதில் தமிழ் மரபு இருவேறு வழிகளைக் காட்டுகின்றது. எவ்வழியிற் செல்வது என்பது இன்று வாழ்வோர் பொறுப்பு.

லயத்துச் சுவர்

மலேசியத் தோட்டங்களில் லயத்து வீட்டில் வாழ்ந்தவர்க்கு ஒன்று தெரியும். அங்கே ஒரு சுவரின் இருபுறமும் இரு குடும்பங்கள். பக்கத்து வீட்டில் குழந்தை இருமினாலும் கேட்கும். கள்ளுக்கடையிலிருந்து திரும்பியவன் தட்டை எறிந்தது கேட்கும். அடி விழுந்தது கேட்கும். வாயைப் பொத்திக்கொண்டு அழுததும் கேட்கும். விடிந்ததும் பால்மரம் சீவப் போகும் வழியில் எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பர், ஒருவரும் கேளார். 'அது அவர்கள் குடும்ப விஷயம்' என்பர். தோட்டங்கள் அழிந்து மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பின்னரும் அச்சொல் கூடவே வந்துவிட்டது.

அச்சொல்லுக்குத் துணையாகச் சில பழமொழிகளும் உண்டு. 'அடிக்கிற கைதான் அணைக்கும்', 'கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்' என்பவை அவை. பழமொழி என்பதனாலேயே ஒன்று அறமொழி ஆகிவிடாது. அடிக்கிற கை அணைக்கலாம். அணைத்த கை மறுபடியும் அடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னாலன்றி அப்பழமொழி முழு உண்மை ஆகாது.

'அவள் ஏன் அந்த வீட்டிலேயே இருக்கிறாள்?' என்று கேட்போரும் உளர். கையில் காசில்லை, அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் கணவன் வசம், போவதற்கு இடமில்லை, தாய்வீட்டுக்குச் சென்றால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம். இத்தனைக்கும் மேலாக, சொன்னால் நம்புவார்களா என்னும் ஐயம். நீலிக்கண்ணீர் என்னும் சொல் வேலை செய்வது அங்கேதான்.

சட்டம் ஏற்ற மூன்றாமவர் கடமை

பேகனைப் பாடிய புலவர்கள் தாமாக ஏற்ற கடமையை இன்று சட்டம் ஏற்றுள்ளது. மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் நடைமுறைக்கு வந்தது. 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், உடலுக்குச் செய்யும் தீங்கோடு மனத்துக்குச் செய்யும் தீங்கையும் சேர்த்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் அவசரப் பாதுகாப்பு ஆணைக்கு வழி செய்தது. நீதிமன்றம் செல்லுமுன்னரே சமூகநல அதிகாரி அவ்வாணையை வழங்கலாம். அது 7 நாள் செல்லும். அஞ்சியவரையும் அச்சுறுத்தியவரையும் ஒரே வீட்டில் அடைத்த பழையனூர் முறைக்கு நேர்மாறான முறை இது. முதலில் அஞ்சியவர்க்குக் காப்பு. அதன் பின்னரே விசாரணை.

அச்சட்டத்தில் ஆசிரியர்கள் அறிய வேண்டிய மற்றொரு பகுதி உண்டு. குடும்ப வன்முறை நிகழ்கின்றது என்று நம்பக் காரணமுடைய எவரும் அதனை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கலாம். அவ்வாறு தெரிவித்தமைக்காக அவர்மீது அவதூறு வழக்குத் தொடர முடியாது. சுவருக்கு அப்பால் இருப்பவர்க்கும் பேச உரிமை உண்டு என்பதே இதன் பொருள். 'குடும்ப விஷயம்' என்று சொல்லி ஒதுங்குவதற்குச் சட்டம் இனி இடந்தரவில்லை, மனந்தான் இடந்தருகின்றது.

சிங்கப்பூரில் 1961-ஆம் ஆண்டின் மாதர் சாசனம் இதற்கு அடிப்படை. 1996-இல் அதில் குடும்ப வன்முறை பற்றிய பகுதிகள் விரிவாக்கப்பட்டன; 2023-இல் இயற்றிய திருத்தம் 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்து அவற்றை மேலும் வலுப்படுத்திற்று. மலேசியாவில் 1982-இல் தொடங்கப்பட்ட மகளிர் உதவி இயக்கம் அடிபட்ட பெண்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் புகலில்லம் நடத்தி வருகின்றது. 'தாலியான் காசே' எனப்படும் 15999 என்னும் அரசின் தொலைபேசி எண்ணையும் ஒவ்வோர் ஆசிரியரும் மனப்பாடமாக வைத்திருத்தல் நன்று.

பொய்ப்புகார் கொடுப்பவர் இல்லையா எனின், இருக்கலாம். அதனை ஆராய்வதற்குக் காவல் துறையும் நீதிமன்றமும் உள்ளன. கேட்பது வேறு, தண்டிப்பது வேறு. நம்பிக் கேட்பதால் ஒருவரும் சிறைக்குச் சென்றுவிடுவதில்லை; கேளாமல் விடுவதால் ஓர் உயிர் போகக்கூடும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

இலக்கியம் கற்பிப்போர் பெரும்பாலும் துன்புற்ற பெண்ணின் பொறுமையையே பாராட்டிக் கற்பித்து வருகின்றனர். அவளைச் சுற்றியிருந்தோர் என்ன செய்தனர் என்னும் வினா வகுப்பறையில் எழுவது அரிது. பேகனைக் கற்பிக்கும்போது மயிலோடு நிறுத்தாமல், அவன் மனைவிக்காக நால்வர் பரிசிலையே மறுத்ததையும் சேர்த்துக் கற்பிக்கலாம். நன்னனைக் கற்பிக்கும்போது பழி யார்மேல் நின்றது என்று கேட்கலாம். பழையனூர் வேளாளரின் வாய்மையைப் போற்றும்போது, அவர்கள் கேட்க மறந்த கேள்வி எது என்று மாணவரையே சிந்திக்கச் செய்யலாம்.

அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் முப்பது மாணவருள், முந்தின இரவு உறங்காமல் சுவரோரம் ஒண்டியிருந்த பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த அப்பிள்ளையிடம் ஆசிரியர் முதலில் கேட்பது எது என்பதைப் பொறுத்தே, அப்பிள்ளையின் தாய்க்கு ஒரு கதவு திறப்பதும் திறவாததும் அமையக்கூடும்.

நீலிக்கண்ணீர் என்னும் சொல்லை அகராதியிலிருந்து நீக்க வேண்டும் என்று கூறுவது அறியாமை. சொல் வரலாற்றுக்கு உரியது. அது அங்கேயே இருக்கட்டும். மாணவர் அதன் பொருளைக் கேட்கும்போது, பொய்யழுகை என்று ஒரே சொல்லில் விடை கூறி முடிக்காமல், கணவனால் காட்டில் கொல்லப்பட்டுக் கள்ளிச் செடியைத் தவிர வேறு சாட்சி இல்லாமற் போன ஒருத்தியின் பெயர் அது என்பதையும் கூறிவிட்டால் போதும். அதன்பின், அழுதுகொண்டு வாயிலில் வந்து நிற்கும் ஒரு பெண்ணை நோக்கி அச்சொல்லைச் சொல்ல அம்மாணவரின் நா எழாது.